‘இதில் உவமை வந்துள்ளது’ என்று எழுதியபின் என்ன?

‘இப்பாடலில் கவிஞர் உவமையை அழகாகக் கையாண்டுள்ளார்.’ இலக்கியம் படிப்பவர்களின் விடைத்தாள்களில் இந்த வாக்கியம் ஓயாமல் வரும். இதில் பிழை கிடையாது. ஆனால் தகவலும் கிடையாது. எந்தப் பாடலுக்கு அடியில் வைத்தாலும் பொருந்திவிடும். உவமை, உருவகம், குறியீடு, நோக்குநிலை, முரண் என்று கலைச்சொற்களை மனப்பாடம் செய்துவிட்டு, பாடலிலோ கதையிலோ அவற்றைத் தேடிப் பெயர் ஒட்டுவதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். வேலை அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கலைச்சொல்லைப் பயன்படுத்தியதும் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். எந்தச் சொல்லில் அது நடக்கிறது? அங்கே அது என்ன செய்கிறது? அதை எடுத்துவிட்டால் எது குறைந்துபோகும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால், நாம் பெயரைத்தான் கண்டுபிடித்திருக்கிறோம், பாடலை இன்னும் படிக்கவில்லை.

கபிலர் பாடிய குறுந்தொகை 25ஆம் பாடலில் இதைச் செய்து பார்க்கலாம். ஐந்தே அடிகள்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

பொருள் எளிது. அவன் என்னோடு கூடிய அன்று அங்கே வேறு யாரும் இல்லை. இருந்தது அந்தக் கள்வன் மட்டும்தான். அவன் பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? தினைத்தாள் போன்ற சிறிய பச்சைக் கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு குருகு என்ற ஒரு நீர்ப்பறவையும் அங்கே இருந்தது.

முதலில் கேட்க வேண்டியது, இதைப் பேசுவது யார் என்பது. பாடியவர் கபிலர், பேசுவது தலைவி. திருமணம் தள்ளிப்போகும் நேரத்தில் தோழியிடம் சொல்கிறாள். அகப்பாடல்களுக்கு, பேசுபவரையும் சூழலையும் சொல்லும் துறைக்குறிப்பு இருப்பதால் ‘தலைவி கூற்று’ என்று எழுதப் பழகியிருக்கிறோம். அதே கவனம் புதுக்கவிதைக்கு வரும்போது காணாமல் போகிறது. ‘நான்’ என்று ஒரு கவிதை தொடங்கினால் உடனே கவிஞரின் வாழ்க்கை வரலாற்றைத் தேடுகிறோம். கவிதையின் ‘நான்’ ஒரு பாத்திரம் என்ற இடத்திலிருந்து தொடங்குவதே பாதுகாப்பு. கவிஞரும் அவரும் ஒருவரே என்பதற்குத் தக்க சான்று கிடைத்தால் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்து உவமை. உவமைக்கு உறுப்புகள் நான்கு: சொல்ல வந்த பொருள், அதற்கு ஒப்பாகக் கொண்டுவரும் பொருள், இரண்டுக்கும் பொதுவான தன்மை, போல, அன்ன முதலான உவம உருபு. இங்கே நான்கும் வெளிப்படையாகவே இருக்கின்றன. குருகின் கால் பொருள், தினைத்தாள் ஒப்பு, சிறுமையும் பசுமையும் பொதுத்தன்மை, ‘அன்ன’ உருபு. இதுவரை முதல் கேள்விக்கான பதில். இரண்டாவதற்கு வந்தால், ஒப்பாக வந்த பொருள் எந்த உலகத்திலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். தினை குறிஞ்சி நிலத்துப் பயிர். களவு, அதாவது திருமணத்துக்கு முந்தைய மறைவான காதல், நடந்த அந்த நிலமே உவமைக்குள் வந்து நிற்கிறது. மூன்றாவதாக, உவமையை எடுத்துவிட்டுப் பாருங்கள். ‘ஒரு குருகும் இருந்தது’ என்று மட்டும் இருந்தால் செய்தி அப்படியே இருக்கும். ஆனால் காலின் மெல்லிய பச்சையை இன்றும் சொல்லும் அளவுக்கு அந்த நாளை அவள் நுணுக்கமாக நினைவில் வைத்திருக்கிறாள் என்பது போய்விடும். அவள் கையில் உள்ள ஒரே சான்று அந்த நினைவுதான். ஆகவே இந்த உவமை குருகை வருணிப்பதோடு தலைவியின் நிலையையும் காட்டுகிறது.

குருகு உவமையா? இல்லை. அது அங்கே உண்மையாகவே நின்ற பறவை. புலன்களுக்குத் தெரியும்படி அதை வரைந்து காட்டுவதால் படிமம். தன் பொருளுக்கு அப்பாலும் ஒன்றைச் சுட்டுவதால் குறியீடு என்றும் சொல்லலாம்: பேச முடியாத சாட்சி, அதிலும் மீனிலேயே கண்ணாக இருந்த சாட்சி. தன் இரையை மட்டும் பார்க்கும் குருகில் தலைவனின் சாயலைக் காண்போரும் உண்டு. அப்படிப் படித்தால், இயற்கைக் காட்சிக்குள் வேறொரு பொருளை மறைத்துவைக்கும் உள்ளுறையின் பக்கம் போகிறோம். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. எந்தப் பொருளையும் குறியீடு என்று சொல்லிவிட முடியும் என்பதால் இதற்குக் கடுமையான சோதனை வேண்டும். பாடலே அந்தப் பொருளுக்கு அழுத்தம் கொடுத்திருக்கிறதா? இங்கே கொடுத்திருக்கிறது. ‘யாரும் இல்லை’ என்று தொடங்கியவள் ‘குருகும் உண்டு’ என்று முடிக்கிறாள். பாடலின் ஐந்து அடிகளில் மூன்று அந்தப் பறவைக்குப் போகின்றன. இந்த மாதிரியான சான்று இல்லாமல் ‘மழை துக்கத்தின் குறியீடு’, ‘சிவப்பு புரட்சியின் குறியீடு’ என்று பொதுப்பட எழுதுவது வெறும் ஊகம்.

யாப்பையும் இப்படியே கேள்வி கேட்கலாம், கொஞ்சம் எச்சரிக்கையோடு. நான்காம் அடியில் மூன்றே சீர்கள். மற்ற அடிகளில் நான்கு. ஈற்றயலடி முச்சீராக வருவதால் இது நேரிசை ஆசிரியப்பா. ‘கவிஞர் அடியைக் குறுக்கித் தயக்கத்தைக் காட்டுகிறார்’ என்று எழுதத் தோன்றும். அது தவறு, நேரிசை ஆசிரியப்பா எல்லாவற்றிலும் அந்த அடி குறையும். எழுதத்தக்கது வேறு: குறைந்தே ஆக வேண்டிய அந்த அடிக்குள் குருகு நீரைப் பார்த்து நிற்கும் காட்சியைக் கபிலர் வைத்திருக்கிறார். மரபு கொடுத்தது எது, கவிஞர் தேர்ந்தது எது என்று பிரித்துப் பேசும் விடை எப்போதும் ஒரு படி மேலே நிற்கும்.

அலகிடுவதில், அதாவது அடியைச் சீராகவும் அசையாகவும் பிரிப்பதில், வரும் தடுமாற்றம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். குறிலும் நெடிலும் சேர்ந்து வந்தால் நிரை என்னும் ஒரே அசை. ‘நிலா’ ஒரே அசை. நெடிலும் குறிலும் சேராது. ‘ஆதி’ என்பது ஆ, தி என இரண்டு நேரசை. இந்தத் திசையை மாற்றிப் போட்டால் சீர் தவறும், சீர் தவறினால் சீர்களை இணைக்கும் தளையும் தவறும். முதல் குறளை எடுத்துக்கொள்ளுங்கள். அக/ர, முத/ல இரண்டும் நிரை, நேர் என வருவதால் புளிமா. எழுத்/தெல்/லாம் புளிமாங்காய். ஆ/தி தேமா. பக/வன், முதற்/றே மறுபடி புளிமா. ‘உலகு’ பிறப்பு என்னும் வாய்பாட்டில் முடிகிறது. மாச்சீருக்குப் பின் நிரை, காய்ச்சீருக்குப் பின் நேர் என்று சரிபார்த்துக்கொண்டே வந்தால் வெண்பாவுக்குரிய வெண்டளை எங்கும் பிசகவில்லை என்பது தெரியும். எங்காவது பிசகினால் குறளைச் சந்தேகிக்காமல் நம் அசைப்பிரிப்பைத் திரும்பப் பார்க்க வேண்டும். அகர, பகவன் இரண்டிலும் இரண்டாம் எழுத்து ஒன்றுவதால் அடி எதுகை. அகர, ஆதி என்று முதல் சீரும் நான்காம் சீரும் ஒன்றுவது ஒரூஉ மோனை.

அணிகளில் குழப்பம் வரும் இடங்களை மட்டும் சொல்கிறேன். ‘மலர்முகம்’ உவமைத்தொகை, ‘முகமலர்’ உருவகம். ஒப்புப் பொருள் முன்னால் வந்து உருபு மறைந்திருந்தால் உவமை. பொருள் முன்னால் வந்து ஒப்பு அதன்மேல் ஏறினால் உருவகம். ஒரு தொடரில் இரண்டு பொருள்களில் ஒன்றை மட்டும் உருவகப்படுத்தி மற்றதை விட்டுவிட்டால் அது ஏகதேச உருவகம்: பத்தாம் குறளில் பிறவி கடலாகிறது, இறைவன் அடி தெப்பமாகச் சொல்லப்படவில்லை. எடுத்துக்காட்டு உவமையிலும் பிறிது மொழிதலிலும் உருபு இருக்காது என்பதால் இரண்டையும் மாற்றி எழுதுவோர் பலர். எத்தனை செய்திகள் சொல்லப்பட்டிருக்கின்றன என்று எண்ணினால் போதும். முதல் குறளில் எழுத்துக்கு அகரம், உலகுக்கு ஆதிபகவன் என்று இரண்டும் உண்டு. அது எடுத்துக்காட்டு உவமை. ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்ற குறளில் மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றி மட்டுமே பேச்சு. வலிமை அறியாமல் பகையைப் பெருக்கிக்கொள்பவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அது பிறிது மொழிதல்.

‘போல்’ என்ற சொல்லைக் கண்டதும் உவமை என்று எழுதிவிடுவதும் ஆபத்து. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் அசைகின்றன. ‘வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட’ என்கிறது சிலப்பதிகாரம். இங்கே ‘போல்’ இருக்கிறது, உவமை இல்லை. காற்றில் கொடி அசைவது இயல்பு. ‘வராதீர்கள்’ என்று தடுக்கிறது என்பது புலவர் தம் குறிப்பை அதன்மேல் ஏற்றியது. அதனால் தற்குறிப்பேற்றம். இயல்பான நிகழ்வு ஒன்று உண்மையாகவே நடந்துகொண்டிருக்க வேண்டும் என்பதே இதற்கான அடையாளம். இதே அடிக்குக் கதையமைப்பின் பக்கத்திலிருந்து இன்னொரு பெயரும் உண்டு: முன்னுணர்த்தல். அணியாகப் பார்த்தால் கொடி, கதையாகப் பார்த்தால் கொலைக்களம். ஒரே இடத்துக்கு இரண்டு கலைச்சொற்கள் பொருந்தும்போது ஒன்றைத் தள்ளிவிட வேண்டியதில்லை. இரண்டும் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்று எழுதினால் அதுவே நல்ல பத்தி.

புனைகதைக்கு வருவோம். கதை என்பது நிகழ்ச்சிகளின் வரிசை. கதைப்பின்னல் என்பது அவற்றின் காரணத் தொடர்பும் அவை நமக்குச் சொல்லப்படும் ஒழுங்கும். ஒரு கதை மரணத்தில் தொடங்கிப் பிறப்பில் முடியலாம். அப்போது ‘என்ன நடந்தது’ என்று சுருக்கி எழுதுவது கதைக்கான பதில். ‘ஏன் மரணத்தை முதலில் சொன்னார்’ என்பதே பின்னலுக்கான கேள்வி. வினாத்தாளில் பின்னலைக் கேட்டிருக்க, கதைச்சுருக்கம் எழுதி மதிப்பெண் இழப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

பாத்திரங்களைத் தட்டையானவை, முழுமையானவை என்று 1927இல் ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் பிரித்தார். தட்டை என்றால் மோசமான படைப்பு என்று அவர் சொல்லவில்லை. ஒரே குணத்தால் நினைவில் நிற்கும் பாத்திரம் கதைக்குத் தேவைப்படலாம். நம்பும்படியாக நம்மை வியக்கவைக்க முடிகிறதா என்பதே முழுமையான பாத்திரத்துக்கு அவர் வைத்த சோதனை.

புனைகதையில் அதிக நேரம் கொடுக்க வேண்டியது நோக்குநிலைக்குத்தான் என்பது என் உறுதியான எண்ணம். தன்மை, படர்க்கை என்று இலக்கணத்தோடு நிறுத்திவிட்டால் பாதிதான் கிடைக்கும். யார் பேசுகிறார், யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்பவை இரண்டு தனிக் கேள்விகள். இந்த இரண்டு துண்டுகளையும் பாருங்கள்.

மாலதி கடிதத்தைப் பிரித்தாள். தன்னால் வர இயலாது என்று அண்ணன் எழுதியிருந்தான். அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது.

மாலதி கடிதத்தைப் பிரித்தாள். அண்ணன் வரமாட்டானாம். வேலையாம். போன வருஷமும் இதே வேலைதான்.

இரண்டுமே படர்க்கை. முதலாவதில் கதைசொல்லி வெளியே நின்று அவள் உணர்ச்சிக்குப் பெயர் வைக்கிறார். இரண்டாவதில் ‘நினைத்தாள்’ என்ற சொல்லே இல்லாமல் அவள் குரல் கதைசொல்லியின் வாக்கியத்துக்குள் நுழைந்துவிட்டது. அதைச் செய்வது ‘ஆம்’ என்ற சின்ன விகுதி. கேட்டதைத் திருப்பிச் சொல்லும்போதே நம்பாமையையும் அது கொண்டுவருகிறது. ‘தான்’ என்ற இடைச்சொல் பழைய மனக்குறையைத் திறக்கிறது. ஏமாற்றம் என்ற சொல் இல்லை, ஏமாற்றம் கூடியிருக்கிறது. தமிழ்க் கதைகளில் நோக்குநிலை மாறும் இடத்தைப் பிடிக்க வேண்டுமானால் ஆம், தான், ஏ, போல போன்ற ஒட்டுகளையும், எழுத்துநடை பேச்சுநடைக்கு நழுவும் இடங்களையும் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டு படியுங்கள். நனவோடை இதற்கு அடுத்த எல்லை. அங்கே கதைசொல்லியே ஏறக்குறைய மறைந்து, எண்ணம் எண்ணத்தை இழுத்துக்கொண்டு போகும். ஒரு பாத்திரம் யோசிக்கும் பத்தியையெல்லாம் நனவோடை என்று அழைத்துவிட வேண்டாம்.

நம்பகமற்ற கதைசொல்லி என்ற சொல்லை அமெரிக்க விமர்சகர் வெய்ன் பூத் 1961இல் வழக்குக்குக் கொண்டுவந்தார். கதைசொல்லி குழந்தையாகவோ கெட்டவராகவோ இருப்பது மட்டும் இதற்குப் போதாது. அவர் சொல்வதற்கு எதிரான சான்று அந்தக் கதைக்குள்ளேயே இருக்க வேண்டும்: பிறர் பேச்சில், தேதிகளில், அவரே தவறவிடும் ஒரு விவரத்தில். அந்த வரியை எடுத்துக்காட்ட முடிந்தால்தான் வாதம் நிற்கும்.

பேசுபொருளை ஒரு சொல்லால் சொல்லலாம். மையக்கருத்தை ஒரு வாக்கியமாகத்தான் சொல்ல முடியும். மேலே பார்த்த பாடலின் பேசுபொருள் காதல். மையக்கருத்து, ‘சாட்சியில்லாத உறவில் ஒருவருடைய வாய்ச்சொல்தான் மற்றவருக்கு இருக்கும் ஒரே காப்பு’ என்பது போல அமையும். ‘காதலே மையக்கருத்து’ என்று எழுதினால் அந்தப் பாடலை அடையாளம் காணவே முடியாது.

முரண் மூன்று வகை. தாமதமாக வந்தவரிடம் ‘சீக்கிரம் வந்துட்டீங்களே’ என்றால் சொல் முரண். எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக நிகழ்ச்சி முடிந்தால் நிலை முரண். வெறும் துரதிர்ஷ்டமும் தற்செயலும் முரண் ஆகாது. நடந்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் இடையே கூர்மையான எதிர்நிலை வேண்டும். மூன்றாவது நாடக முரண். பார்ப்பவருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாது.

இதற்கு நம் கையில் இருக்கும் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம். அது காப்பியம் என்றாலும் நாடகக் கலைச்சொற்களைப் பழக அதைவிட வாகான இடம் எனக்குத் தெரியவில்லை. அரசியின் சிலம்பைக் களவாடியவன் பொற்கொல்லன் என்று நமக்குத் தெரியும், பாண்டியனுக்குத் தெரியாது. அவன் ஆணையில் ‘கையது ஆகில்’ என்று ஒரு நிபந்தனை இருக்கிறது: சிலம்பு கள்வன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள். சிலம்பு கோவலன் கையில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது வேறு சிலம்பு. அந்த ‘ஆகில்’ என்ற சொல் யாரையும் காப்பாற்றவில்லை. இது ஒரு நல்லவன் விசாரியாமல் செய்த பிழை. அரிஸ்டாட்டில் ஹமார்டியா என்று குறிப்பது இப்படிப்பட்ட பிழையைத்தான். அதைக் ‘குணக்கேடு’ என்று மாற்றி, ஒவ்வொரு துன்பியல் தலைவனுக்கும் ஒரு கெட்ட குணத்தைத் தேடிப் பிடிப்பது நாடகம் படிப்பவர்களிடம் மிகப் பரவலான தவறு.

பிறகு வழக்குரை. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். கண்ணகி சிலம்பை உடைத்ததும் மணி தெறிக்கிறது. ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்கிறான் பாண்டியன். உண்மை தெரியவரும் கணமும் நிலைமை தலைகீழாகும் கணமும் ஒன்றாகவே வருகின்றன. இவ்விரண்டும் ஒருசேர வருவதே சிறந்த அமைப்பு என்று அரிஸ்டாட்டில் சொன்னதற்கு அவர் காட்டியது ஈடிபஸ் நாடகம். சிலப்பதிகாரம் அதே வடிவத்தை ஒற்றை அடியில் அடைகிறது. அந்த அடியில் ஓகாரமும் ஏகாரமும் செய்யும் வேலையைக் கவனியுங்கள். ‘யானோ’ என்பது மறுப்பு, ‘யானே’ என்பது தேற்றம், அதாவது உறுதி. பட்டம் பறிபோவதும் பழி வந்து சேர்வதும் இரண்டு எழுத்துகளில் முடிந்துவிடுகின்றன.

நாடக அமைப்பை எழுச்சி, உச்சம், வீழ்ச்சி உள்ளிட்ட ஐந்து பகுதியாக வரைந்த ஜெர்மானிய எழுத்தாளர் குஸ்தாவ் ஃபிரைடாக்கின் முக்கோணம் 1863ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவர் உச்சம் என்றது நடுவில் வரும் திருப்பத்தை; இறுதிக் காட்சியின் பரபரப்பை அல்ல. ஐந்து அங்க நாடகங்களை மனதில் வைத்து வரைந்ததைச் சிறுகதைக்குள் திணித்தால் எழுச்சி இரண்டு வரியிலும் வீழ்ச்சி அரை வரியிலும் வந்து நிற்கும். பொருந்தாத கதைக்கு அதை எடுக்காமல் விடுவதே நல்லது.

நாடகப் பிரதியை நாவல் போல வேகமாகப் படிக்கக்கூடாது. பேச்சுக்கு அடியில் ஓடும் சொல்லப்படாத பொருள், மேடைக்குறிப்பு, மௌனம், யார் மேடையில் இருந்தும் பேசாமல் நிற்கிறார் என்பது எல்லாம் பிரதியின் பகுதிகளே. பாத்திரம் மேடையில் தனியாக இருந்து தன் மனத்தைப் பேசினால் தனிமொழி. பிறர் இருக்கும்போதே பார்வையாளருக்கு மட்டும் கேட்கும்படி பேசுவது வேறு உத்தி. அங்கே பாத்திரம் நம்மைக் கூட்டாளியாக்கிக்கொள்கிறது.

உணர்ச்சியைப் பற்றி எழுத ‘சோகம்’, ‘கோபம்’ என்ற இரண்டு சொற்களோடு திண்டாடுபவர்களுக்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் பரிந்துரைப்பேன். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு; ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்கள், அதாவது அது பிறக்கும் காரணங்கள். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. ஒருவர் அழுகிறார் என்றால் அவமானத்தாலா, இழப்பாலா, தன் நிலை தளர்ந்ததாலா, இல்லாமையாலா என்று கேட்க இந்த நான்கும் போதும். வெகுளிக்குக் கூறப்படும் நான்கில் ஒன்று கொலை. கணவனை இழந்து அழுத கண்ணகி அவையில் நிற்கும்போது இழவால் வந்த அழுகை கொலையால் வந்த வெகுளியாக மாறியிருக்கிறது. ‘கண்ணகி சோகமும் கோபமும் கொண்டாள்’ என்பதைவிட இது எவ்வளவு துல்லியம்!

கலைச்சொற்களைக் குறித்துவைக்கும்போது அகராதி வரிசையில் எழுத வேண்டாம். ஒவ்வொன்றையும் அதோடு குழம்பும் சொல்லின் பக்கத்திலேயே எழுதுங்கள்: உவமைத்தொகைக்குப் பக்கத்தில் உருவகம், படிமத்துக்குப் பக்கத்தில் குறியீடு, பேசுபொருளுக்குப் பக்கத்தில் மையக்கருத்து. கீழே, பாடத்தில் இல்லாமல் நீங்களே தேடிப் பிடித்த ஒரு வரியும், இரண்டையும் பிரிக்கும் சோதனையும் இருக்கட்டும். தேடிய வரி கிடைக்காத சொல்லுக்கு எதிரே இடத்தைக் காலியாக விட்டு, அடுத்த புத்தகத்தை எடுங்கள்.